கருவுற்ற தாயின் மனப்பதற்றமும் நமது பொறுப்பும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற மகளிர் சிறப்பு அமர்வில், பணி நிறைவு பெற்ற அரசு சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பெண்களுக்கான அமர்வு என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், ஒலிபெருக்கியின் வழியாக ஆண்மக்களும் இவ்வுரையைக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள் என்று அறிகிறேன். அதற்காக மகிழ்ச்சியடைகிறேன். ஏனெனில், நான் சொல்ல வந்த செய்தியில் பாதிக்கு மேல் அவர்களுக்குரியது.

அரசு சுகாதாரத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன். கருவுற்ற பெண்கள் பல்லாயிரம் பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்திருக்கிறேன், எடை பார்த்திருக்கிறேன், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறேன், தடுப்பூசி போட்டிருக்கிறேன். இவற்றால் விளைந்த நன்மையை நாடறியும். 2018-20ஆம் ஆண்டுகளுக்கான கணக்கெடுப்பில், இந்திய அளவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள் என்றால், தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்தது. இந்தச் சாதனையில் ஒரு சிறு பங்கு எனக்கும் உண்டு என்ற மனநிறைவு எனக்கு இருக்கிறது.

ஆனால், அந்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி, ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் எந்தப் பெண்ணிடமும் கேட்டதில்லை. "உன் மனம் எப்படி இருக்கிறது?" என்பதே அந்தக் கேள்வி. அதைக் கேட்காமல் விட்டதால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பொருளுக்கு வருகிறேன்.

நான் செய்த தவறு

1996ஆம் ஆண்டு. நான் பணியாற்றிய ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஓர் இளம்பெண் வந்து கொண்டிருந்தார். நமது ஊரைச் சேர்ந்தவர் அல்லர். முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தது. இரண்டாவதாகக் கருவுற்று ஆறு மாதம். கணவர் வளைகுடா நாட்டில் இருந்தார். இரண்டு வாரங்களுக்குள் அந்தப் பெண் ஐந்து முறை வந்தார். "நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை, பிள்ளை அசைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். நான் பார்ப்பேன். இரத்த அழுத்தம் சரியாக இருக்கும். குழந்தையின் இதயத் துடிப்பும் சரியாக இருக்கும். ஐந்தாம் முறை வந்தபோது, வரிசையில் நின்ற மற்றப் பெண்களின் முன்னிலையில், "உனக்கு ஒன்றுமில்லை, சும்மா சும்மா வராதே" என்று சொன்னேன். நானும் சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள்.

அதன்பின் அவர் வரவேயில்லை. எட்டாம் மாதத்தில் அவருக்குக் கால் வீங்கியது, தலைவலி வந்தது, கண் மங்கியது. அவை உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று எண்ணியிருக்கிறார். கடைசியில் வலிப்பு கண்ட நிலையில்தான் அவரைப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். இறைவன் அருளால் தாயும் பிழைத்தார். மூன்று வாரங்கள் மருத்துவமனையில் இருந்து குழந்தையும் பிழைத்தது.

அந்த வலிப்புக்குக் காரணம் மனப்பதற்றம் அன்று. கர்ப்பகால இரத்த அழுத்தமே காரணம். ஆனால், அந்த நோயை உரிய காலத்தில் கண்டுபிடிக்க முடியாமற் போனதற்குக் காரணம் என்னுடைய சிரிப்பு. இதை இந்த அவையில் ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஒப்புக்கொள்ளாமல் இருப்பதுதான் வெட்கம்.

மனப்பதற்றம் என்பது யாது?

கருவுற்றிருக்கும் காலத்தில் கவலை வருவது இயற்கை. குழந்தை நலமாக இருக்கிறதா, பிரசவம் சுகமாக நடக்குமா என்று எண்ணாத தாய் இல்லை. அந்த அளவான கவலை நல்லதும்கூட. அதுவே மாத்திரையை நேரத்திற்கு உண்ணச் செய்கிறது. மருத்துவரிடம் போகச் செய்கிறது.

உடலும் இக்காலத்தில் மாறுகிறது. கருவுற்ற பெண்ணின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதிப் பங்கு கூடுகிறது. இதயம் நிமிடத்திற்குப் பத்து முதல் இருபது தடவை வரை கூடுதலாகத் துடிக்கிறது. எனவே சிறிது படபடப்பும் மூச்சு வாங்குதலும் இருக்கவே செய்யும்.

எப்போது இது பதற்ற நோயாகிறது? கவலை நாள் முழுவதும் விடாமல் நிற்கும்போது, வேண்டாம் என்று தள்ளினாலும் தள்ள முடியாதபோது, உறங்க நேரமும் இடமும் இருந்தும் உறக்கம் வராதபோது, உணவு இறங்காதபோது, திடீரென்று நெஞ்சு அடைத்து, கை கால் நடுங்கி, இப்போதே உயிர் போய்விடும் என்ற அச்சம் அடிக்கடி வரும்போது, மருத்துவமனை என்ற சொல்லைக் கேட்டாலே ஒளிந்துகொள்ளத் தோன்றும்போது அது பதற்ற நோயாக இருக்கக்கூடும். சிலருக்குப் பிரசவம் என்ற ஒன்றைப் பற்றியே தாங்கொணாத அச்சம் இருக்கும். 2000ஆம் ஆண்டில் பிரிட்டனின் மனநல மருத்துவ ஏடு ஒன்றில் வெளிவந்த கட்டுரையொன்று இதனைத் தனியான ஒரு நிலையாக விவரித்து, அதற்குப் பெயரும் சூட்டியது. அதற்கு முன்பும் பெண்கள் அஞ்சினார்கள். ஆனால், அதைக் கேட்டு எழுதி வைத்தவர்கள் குறைவு.

இது எத்தனை பேருக்கு வருகிறது? 34 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பெற்ற 102 ஆய்வுகளைத் தொகுத்து, 2017ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. அதன்படி, கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் நூற்றுக்கு 18 பெண்களிடமும், கடைசி மூன்று மாதங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பெண்களிடமும் பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. மருத்துவர்கள் நோய் என்றே கணிக்கும் நிலையில் நூற்றுக்கு 15 பேர் இருந்தார்கள்.

சகோதரிகளே, இந்த அவையில் கருவுற்ற பெண்கள் இருபது பேர் இருந்தால், அவர்களில் மூன்று பேர் இந்த நிலையில் இருக்கக்கூடும். அவர்கள் பலவீனமானவர்கள் அல்லர்; பாசாங்கு செய்கிறவர்களும் அல்லர்.

எதனால் வருகிறது?

காரணங்களை மூன்றாகப் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, உடலைச் சார்ந்தவை. இரத்தசோகை இருந்தால் படபடப்பு வரும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது நூற்றுக்கு 52 பேருக்கு, இரத்தசோகை இருந்தது. தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் கை நடுக்கமும் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். ஆகவே, "பயப்படுகிறாள்" என்று முடிவு கட்டுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது கடமை. ஓயாத வாந்தி, கர்ப்பகால நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவையும் பெண்ணின் மனத்தை அலைக்கழிப்பவை.

இரண்டாவது, அவளுடைய கடந்த காலத்தைச் சார்ந்தவை. முன்பே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்கள், கருச்சிதைவு கண்டவர்கள், குழந்தையை இழந்தவர்கள், பல ஆண்டுகள் சிகிச்சை பெற்றுக் கருவுற்றவர்கள், சென்ற பிரசவத்தில் பெருந்துன்பம் அனுபவித்தவர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாக வருகிறது. கரு தங்காமற் போன பெண்ணிடம், "நீ மாடிப்படி ஏறினாய், அதைத் தூக்கினாய், இதைத் தின்றாய்" என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முதல் மூன்று மாதங்களில் ஏற்படும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம்களில் நேரும் பிழை. அது எவருடைய குற்றமும் அன்று. ஆனால், குற்றம் சுமத்தப்பட்ட பெண் அடுத்த முறை கருவுறும்போது, ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு கவளத்தையும் அஞ்சி அஞ்சியே கடக்கிறாள்.

மூன்றாவது, வீட்டையும் சூழலையும் சார்ந்தவை. இதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், மற்றவற்றுக்கு மருத்துவர் இருக்கிறார்; இதற்கு நாம்தான் மருத்துவர்.

வேலூருக்கு அருகிலுள்ள கணியம்பாடி ஒன்றியத்தில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 359 தாய்மார்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். பேறுகாலத்திற்குப் பிந்திய மனச்சோர்வைப் பற்றியது அந்த ஆய்வு. நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதனோடு தொடர்புடையவையாக அவர்கள் கண்டவை எவை தெரியுமா? குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கருவுற்ற காலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், வேலைகளில் கைகொடுக்க ஆள் இல்லாமை. மனச்சோர்வும் பதற்றமும் உடன்பிறப்புகள். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது பெரும்பாலும் இருக்கும். இந்தப் பட்டியலைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். ஏனெனில், அதில் ஒன்றுகூட வெளிநாட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் செய்தியாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் நம் வீட்டு முற்றத்தில் நடப்பவை.

ஆண் குழந்தையைப் பற்றிய பேச்சை எடுத்துக்கொள்வோம். வயிற்றின் அமைப்பைப் பார்த்து "பொம்பளைப் பிள்ளை மாதிரி தெரிகிறதே" என்று ஒரு பெரியம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஏற்கெனவே இரண்டு பெண்மக்களைப் பெற்ற தாய்க்கு அன்றிரவு உறக்கம் இராது. குழந்தை ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது தந்தையிடமிருந்து வரும் உயிரணு. தாயிடமிருந்து வருவது எப்போதும் ஒரே வகைக் குரோமோசோம்தான். அவளால் மாற்ற முடியாத ஒன்றுக்காக அவளைப் பத்து மாதம் அச்சத்தில் வைத்திருப்பது எந்த நீதி? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

அடுத்து, கணவர் அருகில் இல்லாமை. நமது மஹல்லாவில் பல வீடுகளில் கணவர் வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். குடும்பத்திற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்; அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், அவர் தொலைபேசியில் யாரோடு பேசுகிறார், எவ்வளவு பேசுகிறார், பணம் யார் கைக்கு வருகிறது என்பவை ஒரு கருவுற்ற பெண்ணின் மனநிலையைத் தீர்மானிக்கின்றன. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றால் மாமியிடம் கேட்க வேண்டும். ஆட்டோவுக்குக் கொழுந்தனிடம் கேட்க வேண்டும். தாய்வீடு போக எல்லோரிடமும் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டுச் சலித்தவள் கேட்பதையே விட்டுவிடுகிறாள். மாமிமார்களையும் நான் குறை சொல்லவில்லை. மகன் ஒப்படைத்துவிட்டுப் போன பொறுப்பு அவர்கள் தலையில் இருக்கிறது. அவர்களும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் அதட்டலாக வெளிவருகிறது.

கடன், வாடகை, வேலையிழப்பு ஆகியவை இன்னொரு பக்கம். கை நீட்டுகிற, வாயால் சுடுகிற கணவர் மற்றொரு பக்கம். இதை மூடி மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. கருவுற்ற பெண்ணின் பதற்றத்திற்கு உலகெங்கும் ஆய்வாளர்கள் கண்ட வலுவான காரணங்களில் வீட்டு வன்முறையும் ஒன்று. இக்காலத்தில் கைபேசியும் சேர்ந்துகொண்டது. நள்ளிரவில் பிரசவ விபரீதங்களின் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டு, காலையில் நடுங்கிக் கொண்டிருக்கும் இளம்பெண்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஈமான் குறைவு என்று சொல்லலாமா?

"ஐவேளை தொழுகிறவளுக்கு ஏன் இத்தனை பயம்? ஈமான் பலவீனம்" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். நான் மார்க்க அறிஞர் அல்லள். எனினும், நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். மர்யம் (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கி, இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று மனம் நொந்ததைத் திருமறை எடுத்துரைக்கிறது. அந்த வேளையில் அவர்களுக்குக் கண்டனம் வரவில்லை. முதலில் கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. அடுத்து, அருந்த நீரும் உண்ணப் பேரீச்சங்கனியும் காட்டப்பட்டன. ஆறுதல், நீர், உணவு. இந்த வரிசையை நாம் நம் வீட்டுப் பெண்களிடம் கடைப்பிடிக்கிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரமளான் நோன்பைப் பற்றியும் ஒரு சொல். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென்று அஞ்சும் கருவுற்ற பெண்ணுக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. பின்னர் ஈடு செய்வது பற்றிய விவரங்களை இமாம் அவர்களிடம் கேட்டறியலாம். சலுகையைப் பயன்படுத்துகிறவளைப் பார்வையால் குத்தாமல் இருப்பது நம் கடமை. மருத்துவம் செய்துகொள்வதும் இறைநம்பிக்கைக்கு மாறானது அன்று.

கவனியாமல் விட்டால்?

பதற்றம் கடுமையாகி நீடித்தால், குறைமாதப் பிரசவத்திற்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பேறுகாலத்திற்குப் பிறகு மனச்சோர்வாக மாறவும் கூடும். இதை நான் சொல்வது குடும்பத்தார் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. இதைக் கேட்டுக் கொண்டிருக்கும் கருவுற்ற சகோதரிகள், "நான் கவலைப்படுகிறேனே, என் பிள்ளைக்குத் தீங்கு வந்துவிடுமோ" என்று புதிதாக ஒரு கவலையைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். பதற்றம் கொண்ட தாய்மார்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தையையே பெறுகிறார்கள். மேலும், இது குணப்படுத்தக்கூடியது.

குணப்படுத்தலாம் என்பதற்கு ஒரு சான்று

பாகிஸ்தானின் ராவல்பிண்டி நகரிலுள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2024ஆம் ஆண்டில் வெளிவந்தன. கூட்டுக் குடும்பம், மாமியார், வருமானப் பற்றாக்குறை, ஆண் குழந்தை ஆசை என்று பலவற்றிலும் நம்மைப் போன்ற சமூகம் அது. லேசான அளவிலேனும் பதற்றம் இருந்த 1,200 கருவுற்ற பெண்களைச் சேர்த்து, இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினருக்கு அதனோடு கூட ஆறு அமர்வுகள். அந்த அமர்வுகளை நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். உளவியல் படித்துவிட்டு, அனுபவம் அதிகம் இல்லாத இளம் பெண்கள். மனத்தில் எழும் கவலை எண்ணத்தை இனங்காணுதல், அது உண்மைதானா என்று ஆராய்தல், அதற்குப் பதிலாகப் பயனுள்ள எண்ணத்தையும் செயலையும் மேற்கொள்ளுதல் ஆகியவற்றை அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள்.

குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குக் கணிசமான பதற்றம் இருந்தது. அமர்வுகளில் கலந்து கொண்டவர்களில் 9 பேருக்கு மட்டுமே இருந்தது. மனச்சோர்வு, முதல் பிரிவில் நூற்றுக்கு 41 பேருக்கு. இரண்டாம் பிரிவில் 12 பேருக்கு. மருந்து கொடுத்துப் பெற்ற பலன் அன்று இது. முறையாகப் பேசி, காது கொடுத்துக் கேட்டுப் பெற்ற பலன்.

பிரசவ வேளையில் துணை இருப்பதும் அத்தகையதே. உலகின் பல நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட அறிக்கை, பிரசவ வேளை முழுவதும் ஒருவர் உடனிருந்து ஆறுதல் கூறினால், வலி நேரம் குறைகிறது, அறுவைச் சிகிச்சை குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது என்று சொல்கிறது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைவர் ஒருவரை அனுமதிக்கும் திட்டம் 2004ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஆகவே, துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளத் தயங்காமல் கேளுங்கள். உம்மாவோ, ராத்தாவோ, மாமியோ, யார் உடனிருந்தால் தனக்குத் தைரியமாக இருக்கும் என்பதை அந்தப் பெண்ணே சொல்லட்டும்.

மருத்துவ உதவி எப்போது?

கடந்த இரண்டு வாரங்களில் மனம் படபடப்பாகவும் நிலைகொள்ளாமலும் அடிக்கடி இருந்ததா? கவலைப்படுவதை நிறுத்த முடியாமல் தவித்தாயா? இந்த இரண்டு கேள்விகளைத்தான் பல நாடுகளில் செவிலியர்கள் முதலில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் "ஆம்" என்று விடை வந்தால், மகப்பேறு மருத்துவரிடம் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசு மருத்துவமனையில் சந்திக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் அரசின் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மருந்துக் கடையில் தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ணக்கூடாது. ஏற்கெனவே மனநல மருந்து உண்டு வருபவர்கள், கருவுற்றதும் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்யும். வேறு சிலவற்றைத் தொடர்ந்து உண்ணலாம். எதை மாற்றுவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், இரத்தப்போக்கு, நீர் கசிதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை பதற்றம் அல்ல; இவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். அதுபோலவே, "நான் இருந்து என்ன பயன்" என்று ஒரு பெண் சொன்னால், அதை விளையாட்டாகக் கொள்ளக்கூடாது. அவளைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஜமாஅத்திற்குச் சில வேண்டுகோள்கள்

நிர்வாகக் குழுவின் முன் ஐந்து வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன்.

ஒன்று: நமது மஹல்லாவின் மூத்த சகோதரிகள் ஐந்தாறு பேரைக் கொண்டு ஒரு சிறு குழு அமைக்க வேண்டும். கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் மாதம் ஒருமுறை சந்தித்து, நான் சொன்ன இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்டதை வேறெங்கும் சொல்லாதவர்களாகப் பார்த்து நியமிக்க வேண்டும். தேவையானவர்களை மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் கருவுற்றோருக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை நடைபெறும் திட்டம் 2016 முதல் இருந்து வருகிறது. அந்த நாளைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

இரண்டு: இரவு நேரத்தில் வரக்கூடிய வாகன ஓட்டுநர்கள், இரத்தம் கொடுக்க முன்வருவோர் ஆகியோரின் பட்டியலைப் பள்ளிவாசல் அலுவலகத்தில் வைக்க வேண்டும். 108 வாகனம் வருவதற்குத் தாமதமானால் என்ன செய்வது என்ற ஒரு கவலையே பல பெண்களின் உறக்கத்தைக் கெடுக்கிறது.

மூன்று: பிரசவச் செலவுக்கு வழியில்லாத குடும்பங்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் வழங்கும்போது, அது அந்தப் பெண்ணின் கைக்கே சேர வழி செய்ய வேண்டும்.

நான்கு: திருமணப் பதிவின்போது மணமகனுக்குக் கூறும் அறிவுரையில் இதையும் சேர்க்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் நாள்தோறும் குறித்த நேரத்தில் மனைவியிடம் தனியே பேச வேண்டும். மருத்துவச் செலவுக்கான பணத்தை அவளிடமே அனுப்ப வேண்டும். முடிந்தால் விடுப்பைப் பிரசவத்தை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து: ஆணா பெண்ணா என்ற பேச்சைக் கருவுற்ற பெண்ணின் முன் எடுப்பதில்லை என்று இன்று இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு நிதி தேவையில்லை, தீர்மானமும் தேவையில்லை.

நிறைவாக

நான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சகோதரியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்றைக்கு நீங்கள் பிள்ளை நலமாக இருக்கிறது என்று ஐந்து தடவை சொன்னீர்கள். என்ன பயம் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். முதல் பிள்ளையைப் பற்றி அழுதிருப்பேன். அழுதிருந்தால் திரும்பவும் வந்திருப்பேன்" என்றார்.

அன்றிலிருந்து, பணி நிறைவு பெறும் நாள் வரை, என்னிடம் வந்த ஒவ்வொரு கருவுற்ற பெண்ணையும் உட்காரச் சொல்லி, அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகே இரத்த அழுத்தம் பார்த்தேன். அதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவாயிற்று. வரிசையில் நின்றவர்கள் சில வேளை முணுமுணுத்தார்கள். ஆனால், தங்கள் முறை வந்ததும் அவர்களும் உட்கார்ந்து பேசினார்கள்.

இன்று வீடு திரும்பியதும், உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கருவுற்றிருக்கும் பெண்ணின் அருகில் சற்று நேரம் அமர்ந்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவள் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள்.